பாம்படம் தெரியாத படம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது. ஆறாவது, அடுத்த வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி பெற்றது. அவள் காமாலையில் கிடந்த வருஷம் முழுக்க அவன் என் இடுப்பில்தான் இருந்தான். இன்று அவன் மகன் கழுத்தில் பெரிய கேமரா தொங்குகிறது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறான்.

பொங்கலுக்குச் சீவலப்பேரிக்கு வந்தவன் தன் ஆச்சியைத்தான் முதலில் உட்கார வைத்தான். பிறகு சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டான்.

“பெரியாச்சி, நீங்களும் வாங்க.”

முதலில் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். “எம் பேத்திகிட்ட போன் இருக்கு, அவ எடுப்பா. ஒரு படம் எடுக்க இம்புட்டுப் பெருசு எதுக்குலே?” என்றேன்.

நாலாம் நாள் ஓரகத்தியின் படம் பெரிதாகி அவள் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை, போய்ப் பார்த்தேன். காதில் தொங்கும் பாம்படத்தின் உருண்டையும் பட்டையும் தனித்தனியாகத் தெரிந்தன. எங்கள் தெருவில் பாம்படம் போட்ட காது இப்போது எங்கள் இரண்டு பேருக்குத்தான். என் காது அவளுடையதைவிட இரண்டு விரற்கடை நீளம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நான் போன பிறகு சுவரில் மாட்டுவதற்கு எனக்கும் ஒரு படம் வேண்டுமே என்று பேத்தியைப் போனில் எடுக்கச் சொன்னேன். வாழைத் தோட்டத்துக்கு முன்னால் நிற்க வைத்தாள். பின்னால் உள்ளதை மங்கலாக்கி ஆளை மட்டும் தெளிவாகக் காட்டுமாம். போனில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் பெரிதாக்கி வந்த பிறகு, கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. காதும் பாம்படமும் வாழையிலையோடு கரைந்து போயிருந்தன.

“ஏட்டி, எங் காதை எங்க?”

“போனுக்கு இவ்வளவு நீளக் காது பழக்கமில்ல ஆச்சி. அதையும் வாழைன்னு நெனச்சிட்டு.”

கேமராக்காரன் ஊருக்குக் கிளம்பும் நாளில், பாம்படத்தைக் கழற்றிப் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு, சுண்டைக்காய் கொடுக்கிற சாக்கில் அங்கே போனேன்.

“என்னக்கா, காது மினுங்குது?” என்றாள் ஓரகத்தி.

“வெயிலு.”

“வீட்டுக்குள்ள ஏதுக்கா வெயிலு? லே, பெரியாச்சிய ஒரு படம் எடுலே.”

எடுத்தான். காது முழுசாக வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேமரா எதையும் விடவில்லை. அவள் வந்து என் சேலைத் தலைப்பைச் சரிசெய்து விட்டபோது நான் உதட்டைச் சுழித்தேன். அதுவும் அப்படியே இருக்கிறது. அவள் தன் படத்தில் சிரிக்கிறாள். அவள் படம்தான் நன்றாயிருக்கிறது.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது பேத்தி.

“ஏட்டி, மொதல்ல இருந்து பைய வாசி. அவ படம் நல்லாருக்குன்னு வருதுல்லா, அங்கன மட்டும் சத்தத்தக் கொற. செவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பா.”