இரண்டு பக்கமும் குமிழ்

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் எப்போதோ பிரிந்துபோய்விட்டார். பிடோக் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். மருந்து ஏற்றும் அறையில் ஏர்கான் நடுங்க வைக்கும். ஊசி குத்தாத கையைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

லிட்டில் இந்தியாவில் மாதுளை நிற நூல் வாங்கி, அவளுக்காகக் குரோஷா கொக்கி ஊசியால் ஒரு சால்வை பின்னத் தொடங்கினேன். சாதாரணப் பின்னல் வேண்டாம் என்று குமிழ்ப் பின்னலை எடுத்தேன். ஒரே துளையில் ஐந்து முறை நூலை இழுத்து, ஐந்தையும் சேர்த்து மூடினால் பட்டாணி போல ஒரு குமிழ் எழும்பும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போட்டால் குமிழ்கள் ஒரு பக்கம் மட்டும் நிற்கும். உள்பக்கம் தட்டையாக இருக்கும். நான் எல்லா வரிசையிலும் போட்டேன். இரண்டு பக்கமும் நிறைந்து வந்தது. சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. உணவு இடைவேளையில் பின்னுவதைப் பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள்.

போர்த்திவிட்டதும் அக்கா தோளை அசைத்துப் பார்த்தாள்.

“நல்லாருக்கு. கொஞ்சம் உறுத்துது லா.”

மருந்தால் அவள் தோல் மெலிந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கென்றது.

“உனக்கு எது செஞ்சாலும் ஒரு குறை. வேணாம்னா குடு, வேற யாருக்காச்சும் குடுத்துடறேன்.”

அவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்தேன். மூன்றாம் நாள் நான் போனபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நர்ஸ் என்னை வெளியே அழைத்தாள்.

“மேடம், அந்தச் சால்வைய நீங்களே கொஞ்சம் கழட்டுங்க. எங்கள விட மாட்டேங்கிறாங்க. தங்கச்சி கோவிச்சுக்குவான்னு சொல்றாங்க.”

இருவருமாக அவளைத் திருப்பினோம். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை சிவந்த வட்டங்கள், நான் பின்னிய வரிசையிலேயே. இரண்டு மூன்று இடங்களில் தோல் கிழிந்து நீர் கசிந்தது. நர்ஸ் மருந்து தடவினாள்.

கட்டிலருகே உட்கார்ந்து சால்வையைப் பிரிக்கத் தொடங்கினேன். அக்கா கண் திறந்தாள்.

“ஏன் பிரிக்கிற? அழகாத்தான இருந்துச்சு.”

“தட்டையா பின்னித் தரேன்.”

“கை வலிக்கும்டி உனக்கு.”

நான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். வாய் வரவில்லை. நூல் நுனியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நின்றது. அதிலேயே தட்டையாகப் பின்னினேன். பாதி முடிந்திருந்தபோது, ஒரு காலையில் நான் வேலையில் இருக்கையில் வார்டிலிருந்து போன் வந்தது. டாக்சியில் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகும் முன் அந்தப் பாதிச் சால்வையை அவள்மேல் போர்த்தினேன். மார்பு வரைதான் வந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி, “இது முடியலையே” என்றாள்.

“முடியல,” என்றேன்.