விட்டுவிட்டுப் போனவன்

தாராவியில் எங்கள் அறை அண்ணன் பேரில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர்கள், ‘உரிமையாளர் வீட்டைக் கைவிட்டுப் போய்விட்டார்’ என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். இடித்துக் கட்டும்போது யாருக்கு மாற்று வீடு என்பதை அந்தக் கணக்கெடுப்புதான் முடிவுசெய்யும். நான் அப்போது மாட்டுங்காவில், வகுப்பில் இருந்தேன். சட்டம் படிக்கிறேன், எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

அண்ணன் ராணுவத்தில் டிரைவர். ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவில் இருக்கிறான்.

“எம்மா, அவங்ககிட்ட என்னதான் சொன்ன?”

“உள்ளதச் சொன்னேன். கர் சோட்கே கயான்னேன்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. வீட்டைத் தன் பொறுப்பில் விட்டுட்டுப் போயிருக்கான் என்பதைத்தான் அம்மா சொல்லுக்குச் சொல் இந்தியில் மாற்றியிருந்தாள். தமிழில் விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வருவான். இந்தியில் வரமாட்டான்.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி இந்தியில், “அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லு” என்றார்.

“நெனச்சப்போ லீவு கிடைக்காது, சார்.”

“துபாய் போனவன் எல்லாம் இதையேதான் சொல்றான்.”

“அவன் சம்பாதிக்கப் போகல. அரசாங்கம் அனுப்பியிருக்கு.”

பணியில் இருக்கும் படைவீரரால் வரமுடியாதபோது, அவர் இல்லாமலே வழக்கை முடித்துவிடாமல் காக்கும் சட்டம் ஒன்று இருப்பதை எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். “அது கோர்ட்டுக்கு, மேடம். இது ஆபீஸ்.”

அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

அண்ணன் தன் படைப்பிரிவின் சான்றிதழைப் போனில் அனுப்பினான். அசல் வேண்டும் என்றார்கள். அசலும் வந்தது. மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகவும், ஆட்கள் மறுபடி வந்து விசாரிப்பார்கள் என்றும் சொன்னார்கள்.

“இனி யாரு கேட்டாலும் ‘டியூட்டி பே ஹை, வாபஸ் ஆயேகா’ன்னு மட்டும் சொல்லும்மா. வேலையில இருக்கான், திரும்பி வருவான்னு அர்த்தம். எங்க, சொல்லு பாப்போம்.”

“ஏட்டி, போ! பெத்த பிள்ள எங்க இருக்கான்னு சொல்ல எனக்குப் பாடம் எடுக்கியா? படிச்சவ நீ சொன்னதையே அந்தாளு கேக்கல. நான் ஒப்பிச்சாக் கேட்டுருவானாக்கும்?”



அவர்கள் வரும் அன்று வகுப்புக்குப் போகாமல் வாசலில் நானே நிற்கலாம் என்றிருக்கிறேன். என்றைக்கு வருவார்கள் என்றுதான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.