முப்பது தாள்

ருமியானாவின் குடை மஞ்சள் நிறம். மழை இல்லாத நாளிலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சோஃபியா நகரத் தெருக்களில் நடப்பாள். ஊர் பார்க்க வந்தவர்கள் அந்தக் குடையைப் பார்த்துப் பின்னாலேயே வருவார்கள். பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு இதுதான், எனக்கும் இதுதான். அவள் முன்னால் போய்ப் பேசுவாள். நான் கடைசியில் நின்று, படம் எடுக்கிறேன் என்று பின்தங்குகிறவர்களை ஓட்டிக்கொண்டு வருவேன். ஆடு மேய்க்கிறவன் என்று என்னைக் கேலி செய்வாள்.

அவள் புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். அவளுக்கு மிச்சம் அப்பா மெதோடி மட்டும்தான். நாற்பது வருஷம் டிராம் ஓட்டியவர். இப்போது எழுபத்தொன்பது வயது, சர்க்கரை வியாதி, ஞாபக மறதி வேறு. காலையில் அவள் கிளம்பிய பிறகு, ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டு ஸ்தாங்கா அம்மாள் மேலே வந்து அவருக்கு இன்சுலின் ஊசி போடுவாள்.

நவம்பர் மாதம் அன்றைக்கு, நீதிமன்ற வாசல் சிங்கச் சிலைகளுக்கு முன்னால் பதினாலு பேரைச் சேர்த்து நிறுத்தியிருந்தோம். ருமியானாவின் போன் அடித்தது. ஸ்தாங்கா அம்மாள்தான்.

"ஊசி போடப் போனேன் தாயி, கதவு திறந்து கிடக்கு, அப்பாவைக் காணோம். ஒரு மணி நேரமா தெருத்தெருவா பார்த்துட்டேன். ஷூ இங்கேயே இருக்கு. வீட்டுச் செருப்போட போயிருக்கார்."

போன குளிர்காலத்தில் ஊசி தவறி, நாலு நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன் அவர். போலீசுக்குப் போன் போட்டாள். குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

"நீ போ. இவங்களை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"எங்கடா போய்த் தேடுவேன் தோதோர்? வெளியே வந்தா டிராம் ஏறி நடுவூருக்குத்தான் வருவார். நாம நடக்கிற வழிதான் அவர் வண்டி ஓட்டின வழி. நடந்துக்கிட்டே தேடுறேன். நீ ஓடிப்போய் நோட்டீஸ் அடிச்சுட்டு வா."

பக்கத்துச் சந்தில் எங்களுக்குத் தெரிந்த அச்சுக்கடை. என் போனில் அவர் படம் இருந்தது. பேர், வயது, காணவில்லை, ருமியானாவின் நம்பர், எல்லாம் சொன்னேன். அஞ்சு நிமிஷத்தில் முப்பது தாள் அடித்துக் கொடுத்தான். சரியாகப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் பேசிக்கொண்டே நடந்தாள், நான் ஒட்டிக்கொண்டே நடந்தேன். மாதா கோயில் சுவர், சந்தை வாசல், வெந்நீர் ஊற்றுக் குழாய்களுக்குப் பக்கத்து மரம். ராஜாக்களின் பேரையும் வருஷத்தையும் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் கண் போகிற வருகிற கிழவர்களின் காலையே பார்த்தது. செருப்பா, ஷூவா. நடுவில் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. மணி பதினொன்றரை ஆயிற்று. ஒருவரும் போன் செய்யவில்லை.

"இத்தனை தாள் ஒட்டியிருக்கோம். ஒரு ஜனம் கூடவாடா பார்த்திருக்காது?" என்றாள்.

நாடக அரங்குக்கு எதிர்த் தோட்டத்தில் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் விளக்குக் கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினேன். ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குதிரையை நகர்த்தினார்.

செத்தவர்களுக்குச் சொல்கிற வார்த்தை அது. ருமியானா குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"யார் சொன்னா உங்களுக்கு? எங்கே கிடக்கார்? சொல்லுங்க."

கிழவர் பயந்துபோனார். "நீங்கதானேம்மா ஒட்டுறீங்க. செத்துட்டார்னு."

அப்போதுதான் நான் அந்தத் தாளைப் பார்த்தேன். சுற்றிலும் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. நடுவில் படம், கீழே பெரிய எழுத்தில் பேர். 'காணவில்லை' என்பது அடியில் எறும்பு மாதிரி. எங்கள் ஊரில் மரம், கதவு, பேருந்து நிறுத்தம் எங்கே பார்த்தாலும் இந்த மாதிரி அஞ்சலித் தாள் தொங்கும். அச்சுக்கடைக்காரன் நாளெல்லாம் அடிப்பது அதைத்தான். அவன் கை பழக்கத்தில் கரையைப் போட்டுவிட்டது, என் கண் பழக்கத்தில் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டது. கறுப்புக் கரைக்குக் கீழே யார் படித்துப் பார்ப்பார்கள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ருமியானா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"இதே தாளை இப்ப வர்ற வழியில வெந்நீர்க் குழாய்கிட்டயும் பார்த்தேன்" என்றார் கிழவர். "அதுக்கடியில ஒருத்தர் உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தார். செத்தவரோட அண்ணன் தம்பியா இருக்கும்னு நினைச்சேன். வீட்டுச் செருப்பு போட்டிருந்தார்."

அவள் ஓடினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பதினாலு பேரும் குடைக்குப் பின்னால் ஓடிவந்தார்கள், பாவம்.

அங்கேதான் இருந்தார், மரத்தடிப் பெஞ்சில். உதடு வறண்டு, தலைக்கு மேலே தன் படத்தோடு.

"அப்பா, வீட்டுக்கு வராம இங்கே என்ன செய்றீங்க?"

"எப்படிடி வருவேன்?" என்றார். "உங்கப்பா செத்துட்டான்னு உங்கிட்ட நான் எந்த வாயால சொல்றது?"

அவள் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அதில் ஒன்று எப்போதும் இருக்கும். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"செத்தவனுக்கு எதுக்கு ஊசி?"

"தப்பு என்னோடது மெதோடி ஐயா. நீங்க சாகலை" என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் தாளைக் காட்டினார். பேர் இருக்கிறது, படம் இருக்கிறது, அப்புறம் என்ன? அவள் அதைக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காதே. செத்தவன் தாளைக் கிழிச்சா பாவம்."

கண் செருகத் தொடங்கியது அவருக்கு. ருமியானா பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிப்பா. போறவங்க உயிர் நாப்பது நாள் நம்ம கூடத்தானே சுத்திட்டிருக்கும்?"

"ஆமா."

"அந்த நாப்பது நாளும் ஊசி போட்டுக்கணும். டாக்டர் சொல்லியிருக்கார்."

அவர் யோசித்தார். அப்புறம் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது காலை ஊசியை அவளே போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாள். மற்றதெல்லாம் மறந்துபோகும் மனுஷனுக்குத் தான் செத்துப்போனது ஒன்று மட்டும் மறக்கவில்லை. "இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று தினமும் கேட்பாராம்.

"மூணாவது நாள்ப்பா" என்பாளாம் அவள், என்றைக்குக் கேட்டாலும்.