நாய்க்குட்டியின் அரிப்பும் என் நோட்டுப் புத்தகமும்

எங்கள் நாய்க்குட்டி சொறியத் தொடங்கியபோது, குற்றவாளியைப் பிடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. மராமத்து அலுவலகத்தில் முப்பது வருஷம் விரிசல் விட்ட சுவர்களைப் பார்த்து அறிக்கை எழுதியவன் நான். காரணம் தெரியாமல் மேலே சாந்து பூசுவது எனக்குப் பிடிக்காது. என் மனைவிக்கோ என் அறிக்கைகள் எதுவுமே பிடிக்காது.

குட்டி மீனவர் ஊரான விழிஞ்ஞத்திலிருந்து வந்தது. அங்கே குடியிருக்கும் பழைய சகா ஒருவரைப் பார்க்கப் போனபோது, அவர் வீட்டு வாசலில் என் செருப்பின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வராமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் தெருவில் அப்போது யாரும் நாய் வளர்க்கவில்லை. “மீன் தின்ன நாயைக் கொண்டு வந்து நிக்கறேளே” என்று தலையில் கை வைத்துக்கொண்ட மனைவி, மறுநாளே தன் பழைய புடவையை நாலாக மடித்து அதற்குப் படுக்கை போட்டாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அரிப்பு வந்தது. காதைச் சொறியும், பாதத்தை நக்கும், வயிற்றைக் கடித்துக்கொள்ளும். காதோரம் முடி உதிர்ந்து தோல் சிவந்து போயிற்று. அது படும் பாட்டைப் பார்த்து மனைவி கண் கலங்கினாள்.

“என்னால இதைப் பாத்துண்டு இருக்க முடியாது. ஓணத்துக்குள்ள சரியாகலேன்னா விழிஞ்ஞத்துலயே கொண்டு விட்டுடுங்கோ. கடல் காத்தாவது ஒத்துக்கும்.”

நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு, வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கும் ஒரே ஜீவன் அதுதான்.

மிருக டாக்டர் சின்னப் பெண். குட்டியின் தோலைச் சுரண்டிப் பரிசோதித்தாள், முடியைச் சீவித் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். “செள்ளு இல்ல, பூஞ்சையும் இல்ல. ஃபுட் அலர்ஜியாயிருக்கும் சாரே” என்றாள். பிரத்தியேகமான உணவு ஒன்று, கடலை அளவு உருண்டைகளாக, பையில் வந்தது. “எட்டு ஆழ்ச்ச, எட்டு வாரம், இது மாத்ரம் மதி. வேற ஒண்ணும் வேண்டா, கேட்டோ? வாய்ல போறதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைக்கணும்.”

நோட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வரும் வழியிலேயே கிழக்கேகோட்டையில் இறங்கி, கோடு போட்ட நீள நோட்டு வாங்கினேன். காலை, மத்தியானம், ராத்திரி, ‘இதர’ என்று நாலு பத்தி பிரித்தேன். ‘இதர’ பத்தியில்தான் குற்றவாளி சிக்குவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சிக்கியவர்கள் பலர். அடுத்த வீட்டு மாமி முறுக்கு போட்டிருக்கிறாள். பூக்காரி நேந்திரங்காய் சிப்ஸ் போட்டிருக்கிறாள். என் மனைவியே ரவா லாடு உருட்டும்போது கீழே விழுந்ததைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறாள். எல்லோரையும் பிடிபிடியென்று பிடித்தேன். ‘நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாசல் கேட்டில் மாட்டினேன்.

“மாமா, ஒங்காத்து நாய்க்கு இன்னிக்கு ஏகாதசியா?” என்று மாமி தினமும் கேட்டாள். நான் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். விசாரணை நடக்கும்போது சாட்சிகளிடம் வம்பளக்கக் கூடாது.

நாட்கள் போயின. ‘இதர’ பத்தி துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. குட்டி மட்டும் சொறிவதை நிறுத்தவில்லை.

இதற்கிடையில் சென்னையில் அண்ணாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். துணைக்கு ஒரு மாதம் போய் இருந்தேன். மூன்றாவது வாரம் மனைவி போனில், “ஏன்னா, அது சொறியறதே இல்ல. காதுல முடி மொளைக்கறது” என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, முன்பின் தெரியாத நர்ஸிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பினேன். குட்டி என் மேல் விழுந்து புரண்டது. ஐந்தாம் நாள் காதைச் சொறிய ஆரம்பித்தது.

“சந்தேகமே இல்ல, அதுக்கு மாமாதான் அலர்ஜி” என்று தீர்ப்புச் சொன்னாள் மாமி. தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விபூதியை விட்டேன். தலைக்கு எண்ணெய் தடவுவதை விட்டேன். குழந்தைகள் சோப்பில் குளித்தேன். குட்டியைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தேன். குட்டியோ காரணம் புரியாமல் இன்னும் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, “நானே கொண்டு விட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. வழக்கமாக அந்த நேரத்தில் மனைவி ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். நான் அடுக்களை மேஜையில் தனியாகச் சாப்பிடுவேன். டி.வி. இல்லாததால் அன்று தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடித்து, எப்போதும் போல் கடைசிக் கவளத்தை உருட்டி மேஜைக்குக் கீழே நீட்டினேன்.

“என்னன்னா அது?”

“எது?”

“கையில இருக்கே, அது.”

“மோர் சாதம். கடைசி உருண்டை.”

“தினம் கொடுக்கறேளா?”

“வந்த நாள்லேர்ந்து.”

“நோட்டுல எழுதினேளா?”

“மோர் சாதத்தையெல்லாமா எழுதுவா?” என்றேன். உண்மையாகவே கேட்டேன். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு மோர் சாதம், வயிற்றுக் கோளாறுக்கு மோர் சாதம், ரயில் பயணத்துக்கு மோர் சாதம். அது ஒரு ஜீவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று எங்கள் தெருவில் எவனுக்கும் தோன்றியிருக்காது. டாக்டர் பால் கொடுப்பதுண்டா என்று கேட்டபோதுகூட, சத்தியமாக இல்லை என்று சொல்லியிருந்தேன்.

மனைவி எச்சில் கையோடு டாக்டருக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு மேஜை வரை கேட்டது.

உருண்டை நின்றது. மூன்று வாரத்தில் அரிப்பும் நின்றது. அதற்குள் ஓணம் வந்தது, போயிற்று. விழிஞ்ஞத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. உறுதி செய்துகொள்ள ஒரு ஸ்பூன் தயிர் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள் டாக்டர். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாத நான், வேண்டாம், எனக்குத் தெரிந்தது போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உருண்டையை நிறுத்திய நாளிலிருந்தே சாப்பாட்டு வேளைதான் சங்கடம். கை தானாகக் கடைசி உருண்டையை உருட்டும். கீழே குட்டி வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். நானே அதை வாயில் போட்டுக்கொள்வேன்.

நாலு நாள் பார்த்த மனைவி, ஐந்தாம் நாள் டாக்டர் கொடுத்த உணவுப் பையிலிருந்து ஒரே ஒரு உருண்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். “கையை நன்னா அலம்பிண்டு வந்து, இதைக் கொடுங்கோ.”

சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். குட்டி அதை வாங்கி, கடைசி உருண்டையைத் தின்னும் அதே மரியாதையோடு மென்றது. நோட்டை எடுத்து ‘இதர’ பத்தியில் எழுதினேன்: மத்தியானம், ஓர் உருண்டை, கொடுத்தது நான்.