பெருமாயியின் விசில்

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில், களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொட்டை முழுவதும் ஒரே மழையில் நனைந்துபோனது. களத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். தார்ப்பாயும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மேனேஜர் ஞானவேல் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

“மழை வரும்னு யாருக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுது?”

பதினோரு கையும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது பெருமாயியின் கை.

“பெறகு ஏன் மூடலை?”

“மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தாருங்க, தொரை. அவரு சொல்லலையே” என்றாள் அவள்.

பெருமாயி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கங்காணி வாய் திறக்கும் முன் யாராவது கையை அசைத்தால், அரைக்கூலியோடு விரட்டிவிடுவான் என்பதுதான் அங்கே அவள் படித்த பாடம். கண் இருந்தும் வாய் இல்லாத கூட்டத்தை வைத்துக்கொண்டு ஞானவேல்தான் என்ன செய்வார், பாவம்!

“கம்பெனியில சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை நனைஞ்சா களத்தை கான்ட்ராக்டருக்கு விட்டுருவாங்களாம். உங்க பதினோரு பேருக்கும் வேலை இருக்காது” என்றவர், ஒரு விசிலைப் பெருமாயியின் கையில் வைத்தார். “மேகத்தைப் பாரு, ஊது. யாரையும் கேக்காதே. தப்பா ஊதுனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

முதல் மூன்று தடவையும் தப்பு. மூடி முடித்ததும் வெயில் பல்லைக் காட்டியது. “என்ன பெருமாயி, மழை பஸ்ஸைத் தவறவிட்டுருச்சா?” என்று மேஸ்திரி பொன்னுச்சாமி கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவமானத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞானவேல் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலாம் தடவை மழை வந்தது, கொட்டை நனையவில்லை.

அன்றிலிருந்து விசில் அவள் முந்தியில் முடிந்தே கிடந்தது. ஒவ்வொரு தடவை ஊதியதும், எந்த முகட்டில் மேகம் இறங்கியது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவாள். கூடையை எங்கே வைப்பது என்பதற்குக்கூட உத்தரவு கேட்கும் லீலாவையும் அவள் விடவில்லை.

எண்பத்துமூன்றில் ஒருநாள், கண் டாக்டரைப் பார்க்க வத்தலக்குண்டு போனவள், திரும்பும் பஸ்ஸில் முந்தியைத் தடவினாள். விசில்! களத்தில் கொடுத்துவிட்டு வர மறந்திருந்தாள். மேலே மலை கருத்துக் கிடந்தது. “வெரசாப் போங்கண்ணே” என்று டிரைவரைக் கெஞ்சினாள். அத்தனை வளைவில் அவர் எங்கே வெரசாப் போவது? பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு வீட்டுச் சோறும் தன் முந்தியில் முடிந்து கிடக்கிறதே என்று அழுதாள்.

இறங்கி, நனைந்தபடியே ஓடினாள். களம் முழுக்கத் தார்ப்பாய் விரித்திருந்தது. ஓரங்களில் கல்கூட வைத்திருந்தார்கள்.

“விசில் எங்கிட்டல்ல இருக்கு! யாரு ஊதுனது?”

“யாரும் ஊதலைக்கா” என்றாள் லீலா. “முகட்டுல மேகம் எறங்குச்சு, நான் கத்துனேன். மேஸ்திரியும் சேந்துதான் இழுத்தாரு.”

பெருமாயிக்கு ஒரு நொடி சுருக்கென்றது. நான் இல்லாமலேயா? அடுத்த நொடி லீலாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் வெள்ளனே போய் விசிலை ஞானவேலின் மேஜையில் வைத்தாள்.

“களத்துல இதுக்கு இனிமே சோலி இல்லைங்க, தொரை. காப்பிப் பழம் உடைக்கிற கொட்டகைக்குக் குடுங்க. அங்க இன்னும் மேஸ்திரி வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாக.”