டீசல் ஓஸில் நான் போட்ட கட்டு

நான் எட்டாவது வரைதான் படித்தவன். பத்திரிகைக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்; மன்னிக்க வேண்டும். நேரில் சொல்ல வேண்டியவரிடம் இன்றுவரை வாய் வராததால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், திருவனந்தபுரத்தில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. என்னிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. கரமனையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மா, நாகர்கோவில் பக்கத்துக்காரர், பல வருடங்களாக மற்றவர்கள் சமையல் பொறுப்பேற்ற கல்யாணங்களில் காய் நறுக்கி வந்தார். அன்றுதான் முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஒரு கல்யாணச் சாப்பாட்டை ஏற்றிருந்தார். மண்டபம் கழக்கூட்டத்தில். அங்கே அடுப்பு வசதி இல்லாததால், இங்கேயே சமைத்து என் வண்டியில் கொண்டுபோக ஏற்பாடு. இந்த ஊரில் தாலி கட்டியதும் பந்திதான். தாலி ஏறும்போதே பாதிப் பேர் சாப்பாட்டு ஹாலின் கதவருகே நிற்பார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, டேங்கிலிருந்து பில்டருக்கு டீசல் வரும் ரப்பர் குழாயில், ஓஸில், கீறல் விழுந்திருந்தது. மெக்கானிக் மாற்றச் சொன்னார். ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியைப் பார்த்தாலே சிரிப்பார்கள். "மியூசியத்துல விட்டிட்டு வாங்கண்ணே, டிக்கெட் போடலாம்" என்பார்கள். அந்தக் கூச்சத்தில் மறுபடி போகாமல், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து நானே இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். ஒரு சொட்டு டீசல் வெளியே வரவில்லை. பம்ப் டீசலை உறிஞ்சும் அந்த இடத்தில் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்பது எனக்குத் தெரியும். டேங்கில் டீசல் நிறைய இருந்தால் வண்டி ஓடிவிடும், குறைந்தால் இருமும். அதனால் எப்போதும் நிரப்பி வைத்துச் சமாளித்தேன். அன்று பாத்திரங்களை ஏற்றும் அவசரத்தில் டீசல் அளவு காட்டும் முள்ளைப் பார்க்கவில்லை.

பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இருமி நின்றது. பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினேன். காற்று கலந்த டீசல் நுரையாக வந்தது. நுரை நின்றதும் திருகை இறுக்கி ஸ்டார்ட் செய்தேன்.

"இந்த வண்டிக்கு என்னயவிட முட்டுவலி கூடுதல் போலுக்கே, அண்ணே" என்று அந்த அம்மா சிரித்தார்.

ஒரு பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினேன். அதற்குள் கட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது. மறுபடி நின்றது. அவர் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். டீசல் கையில் ரப்பர் வழுக்கியது. மூன்றாவது முறை நின்றபோது அவர் சிரிக்கவில்லை. பாயசப் பாத்திரத்தின் மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு வண்டிக்கு நான் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கல்யாண ஓட்டத்தில் இருந்தார்கள்.

பெண்ணின் அப்பா போனில் கூப்பிட்டார். "சேச்சி, எவிடெ எத்தி? கெட்டு கழிஞ்ஞு!" எங்கே வந்திருக்கிறீர்கள், தாலி கட்டியாகிவிட்டது என்கிறார்.

"இதோ, எத்திப்போயி சாரே" என்று, வந்தேவிட்டதாகச் சொன்னார் இவர். நாங்கள் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை.

எத்தனை முறை நின்றது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினொன்றரைக்குச் சேர வேண்டியவர்கள் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாதி ஜனம் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் பட்டுச் சேலை மடியில் ஓட்டல் பொட்டலத்தை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. "இனி எந்தினா சேச்சி?" என்றார். இனி எதற்கு என்று அர்த்தம்; அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

பாத்திரங்களை இறக்கவே இல்லை. அந்த அம்மா உள்ளே போய் ஒரு இலை வாங்கி வந்து, எனக்குப் பரிமாறினார்.

"தின்னுங்கண்ணே. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல நீங்க. வண்டி சதிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

சாம்பாரில் இன்னும் சூடு இருந்தது. என் கையில் டீசல் நாற்றம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சோறுதான் உள்ளே போனது.

அதன்பிறகு அவரை நம்பி யாரும் கல்யாணம் கொடுக்கவில்லை. மறுபடி மற்றவர்களிடம் காய் நறுக்கப் போகிறார். தெருவில் பார்த்தால் இப்போதும், "வண்டிக்கு முட்டுவலி எப்படி இருக்கு, அண்ணே?" என்று கேட்கிறார். நான் சிரித்து வைக்கிறேன். வெளியே எதுவும் சொட்டவில்லை என்று அந்தக் கட்டை நம்பி இருந்தது போலத்தான் இன்றும் இருக்கிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாளே புது ஓஸ் வாங்கி நானே மாட்டினேன். கால் மணி நேர வேலை. பழவங்காடி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை.