பிள்ளை சாரின் உச்சந்தலையில் ஒரு ஊசி

ஐந்தும் ஐந்தும் எத்தனை?

சிரிக்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய், காலை பதினொன்றரை மணிக்கு இந்தக் கணக்கில் நான் ஃபெயிலானேன். ஃபெயிலாகி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆட்டோவில் ஏறிக் குன்னத்துகால் ரோட்டில் பறந்தேன்.

வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் கிளினிக் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. நான் அக்குபங்சர் வைத்தியம் செய்கிறவள். பாறசாலையில் ஹைவேயிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே, ஒரு பேக்கரியின் மாடியில் இடம். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, ஒரு மேஜை. படியேறும்போதே பப்ஸ் வாசனை வரும். உதவிக்கு ஆள் கிடையாது. அதனால் கதவில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன்: ‘சிகிச்சை நடக்கும்போது கதவைத் தட்டாதீர்கள்.’

இந்த போர்டை யாராவது மதிப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? தட்டுவார்கள். தட்டிவிட்டு, “தட்டப்பிடாதுண்ணு எழுதியிருக்கு, இல்லியா?” என்று என்னிடமே கேட்பார்கள்.

ஒரே ஒருவர் மதித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நீலகண்ட பிள்ளை சார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், குன்னத்துகால்காரர். அடிக்கடி தலைவலி. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தார். அவரிடம் ஒரு பழக்கம் — வாயால் சொன்னால் கேட்க மாட்டார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“எழுதித் தாங்க டாக்டரே. எழுத்துல இருந்தாதான் அனுசரிக்க முடியும்.”

சரியென்று லெட்டர் பேடில் நான்கு வரி எழுதினேன். ஒன்று, தண்ணீர் நன்றாகக் குடிக்கவும். இரண்டு, வண்டியை எடுக்கும் முன் போனை சீட்டுக்கு அடியில் வைக்கவும். மூன்று, ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. நான்கு, டாக்டர் வைத்த ஊசியை டாக்டரே எடுப்பார், நீங்கள் கை வைக்கக் கூடாது. நான்காவது எதற்கென்றால், முதல் நாளே கையிலிருந்த ஊசியை அவராகப் பிடுங்கப் பார்த்தார். கீழே கையெழுத்தும் போட்டேன்.

வாங்கி வாசித்தார். “சீல் இல்லியா?”

சீலும் குத்திக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை புத்தம் புதிய ஹெல்மெட்டோடு வந்தார். கண்ணாடி மேல் ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, “மூணாவது ஐட்டம் நிறைவேத்தியாச்சு” என்றார். எனக்கு அப்படியொரு பெருமை. என் பேச்சைக் கேட்டு ஒருவர் ஹெல்மெட் வாங்கியிருக்கிறாரே!

இனி என் தப்பு.

ஒருவருக்கு எத்தனை ஊசி வைக்கிறேனோ, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் கிளிப் போட்டு வைப்பேன். எடுக்கும்போது எண்ணிச் சரிபார்ப்பேன். ஒன்பது வருஷமாக இதுதான் முறை. பிள்ளை சாருக்குக் கையிலும் காலிலுமாக ஒன்பது வைத்தேன். சீட்டில் ஒன்பது என்று எழுதினேன். திரையை விலக்கும்போது பின்னாலிருந்து குரல்.

“டாக்டரே, உச்சியிலயும் ஒரு கனம் உண்டு.”

திரும்பி வந்து உச்சந்தலையில் தோலுக்கடியில் சாய்வாக ஒன்று வைத்தேன். அந்த நேரம் பார்த்து சசி, “டாக்டரே, கழுத்து திரும்ப மாட்டேங்குது” என்று உள்ளே வந்தான். சசி ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கள் ஸ்டாண்டில் கழுத்துவலி இல்லாத டிரைவர் கிடையாது. நான் அவனைப் பார்க்கப் போய்விட்டேன். சீட்டில் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது.

அரை மணி நேரம் கழித்து எடுத்தேன். ஒன்பது. சீட்டைப் பார்த்தேன். ஒன்பது. டிக் அடித்தேன். அறுபது தாண்டியும் பிள்ளை சாருக்குத் தலைமுடி அடர்த்தி குறையவில்லை. உள்ளே இருந்தது என் கண்ணில் படவில்லை. “போயிட்டு வாறேன் டாக்டரே” என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சசியைப் படுக்கவைத்து ஐந்து ஊசி வைத்துவிட்டு, பிள்ளை சாரின் தட்டைச் சுத்தம் செய்யப் போனேன். எங்கள் ஊசி ஐந்து ஐந்தாகப் பாக்கெட்டில் வரும். தட்டில் இரண்டு பாக்கெட் கிடந்தது. இரண்டும் காலி.

ஐந்தும் ஐந்தும் ஒன்பதா?

தலையணையைத் தூக்கினேன். விரிப்பை உதறினேன். டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அப்புறம்தான் அந்தக் குரல் காதில் வந்து விழுந்தது... உச்சியிலயும் ஒரு கனம் உண்டு.

அந்த ஊசி எலும்பைத் தாண்டிப் போகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் புது ஹெல்மெட். இறுக்கமாக இருக்கும். மேலே வைத்து அழுத்தினால்? நடுரோட்டில் சுருக்கென்று குத்தி, அவர் கை ஒரு நொடி ஹேண்டில்பாரை விட்டால்? எதிரே டிப்பர் வரும் ரோடு அது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். எப்படி எடுப்பார்? இரண்டாவது ஐட்டம். போனை சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னதே நான்தானே.

அவர் மனைவி சரோஜினி அக்காவைக் கூப்பிட்டேன்.

“சார் வந்தாச்சா அக்கா?”

“இல்ல டாக்டரே. வண்டியில இருக்கும்போ அவரு போன் எடுக்க மாட்டாரு. நீங்க எழுதிக் குடுத்த கடுதாசியை ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்காரு. என்ன விசயம்?”

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. “ஒண்ணுமில்ல. வந்தா... ஹெல்மெட்ட ரொம்ப மெதுவா கழட்டச் சொல்லுங்க.”

“ஹெல்மெட்டு கழட்டவும் ஒரு முறை உண்டா?” என்றார் அக்கா, ரொம்ப மரியாதையாக.

படுத்த படுக்கையிலேயே சசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “டாக்டரே, எனக்க ஊசிய எடுங்க. வண்டி கீழ நிக்கு. போலாம்” என்றான். எடுத்தேன். அவனே சத்தமாக எண்ணினான். “அஞ்சு. நான் எண்ணியாச்சு. இனி நீங்க எண்ணுங்க.” எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

கழுத்தைத் திருப்ப முடியாத டிரைவர். இடப்பக்கம் அவன் பார்த்தான், வலப்பக்கம் நான் பார்த்தேன். எதிரில் வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரையும், ஓரத்தில் நின்ற ஒவ்வொன்றையும் பார்த்தோம். ஹெல்மெட் போட்டிருந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. போடாதவர்களைப் பார்த்தால் நிம்மதியாக இருந்தது. ஒன்பது வருஷமாக ஹெல்மெட் போடுங்கள் என்று கத்துகிறவள் நான். அன்றைக்குப் பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன் — கடவுளே, பிள்ளை சார் என் பேச்சைக் கேட்காமல் இருக்கட்டும்.

அப்போது போன் அடித்தது. பிள்ளை சார்.

“டாக்டரே, எட்டு மிஸ்டு கால் கெடக்கு. சசி முடிஞ்சாச்சா? எனக்கு ஒரு விளக்கம் கேக்க உண்டு.”

“சாரே, எங்க இருக்கீங்க?”

“உங்க கிளினிக்குக்குப் பின்னாடி. டீக்கடையில.”

சசி அப்படியே ஆட்டோவைத் திருப்பினான்.

டீக்கடையில் நுழைந்தால், பெஞ்சு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் பிள்ளை சார். மடியில் ஹெல்மெட். உச்சந்தலை முடிக்குள் வெள்ளியாக ஒரு மினுக்கம். இரண்டு பக்கமும் ஆட்கள் கொஞ்சம் தள்ளி, பயபக்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“வண்டிகிட்ட வந்து ஹெல்மெட்ட வச்சேன். சுருக்குண்ணு ஒண்ணு. தடவிப் பாத்தா ஊசி. அப்போ விசயம் என்னண்ணா டாக்டரே” என்று விரலை மடக்கினார். “நாலாவது ஐட்டம், ஊசியில கை வைக்கப்பிடாது. மூணாவது ஐட்டம், ஹெல்மெட்டு இல்லாம வண்டி எடுக்கப்பிடாது. ஊசி இருந்தா ஹெல்மெட்டு வைக்க முடியாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுது. மாடிக்கு வந்து கேக்கலாம்ணு பாத்தா, சசி உள்ள உண்டு, தட்டப்பிடாதுண்ணு போர்டு. அதான் வண்டிய இங்க தள்ளிட்டு வந்து, விளக்கம் கிட்டுற வரைக்கும் இருக்கலாம்ணு...”

நோயாளிகள் சொன்னதைக் கேட்பதில்லை என்று இதே பத்தியில் நான் எத்தனை வாரம் புலம்பியிருக்கிறேன்? கேட்கிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் தெரிகிறது, நாம் சொன்னது என்ன லட்சணம் என்று.

மெதுவாக எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்தினேன். ரத்தம் இல்லை. ஊசியின் பிடி மட்டும் லேசாக வளைந்திருந்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “நான் ஒருத்தரையும் தொட விடல்ல டாக்டரே. இது வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு உள்ள ஸ்பெஷல் ஊசியாக்கும், இல்லியா? எனக்க வீட்டுக்காரிக்கும் தலைவலி உண்டு.”

இதைவிட நல்ல வாசல் எனக்கு யார் திறந்து தருவார்கள்? ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளை சாரும் கௌரவமாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கிறார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வளைந்த பிடி என் விரல் நடுவிலேயே இருந்தது.

“இல்ல. இது சிகிச்சை இல்ல சாரே. நான் எடுக்க மறந்துட்டேன். என் தப்பு. மன்னிக்கணும்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“மறந்ததா” என்றார் பிள்ளை சார்.

“ஆமா.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “அப்போ அத எழுதித் தாங்க.”

சசி என் காதருகே குனிந்தான். “வேண்டாம் டாக்டரே. வாயில சொன்னது போதும். எழுத்து குடுக்காதீங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தாலுகா ஆபீஸில் காலம் கழித்த மனிதர். எந்தக் காகிதத்தை எந்த மேஜைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷ கிளினிக். ஒரு காகிதம் போதும், படியேறி வருகிற ஆள் நின்றுபோக. ஆனால் அவர் தலையில் நான் எழுத்தில் போட்ட சட்டத்தை, என் தலைக்கு மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? டீக்கடைக்காரரின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினேன். ‘இன்று இவர் தலையில் வைத்த ஊசியை நான் எடுக்க மறந்தேன். தவறு என்னுடையது.’ கையெழுத்து.

இரண்டு தடவை வாசித்தார். “தேதி போடல்ல.”

தேதி போட்டேன்.

“சீல்?”

“மேல இருக்கு சாரே.”

“அடுத்த வாரம் வச்சுத் தந்தா போதும்.” மடித்து சட்டைப் பையில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டினார். கோபமுமில்லை, சிரிப்புமில்லை, போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டாலே ஏதோ ஆபீசர் வருகிறார் என்று எழுந்து நிற்பேன். வந்தவரோ டீக்கடைக்காரரின் மனைவி. “டாக்டரே, பிள்ளை சாருக்கு மறந்தது போல எனக்கும் ஒண்ணு மறந்து விடுங்க” என்றார். சிரிக்கவா, அழவா?

போன செவ்வாய்க்கிழமை பிள்ளை சார் வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். கயிறு கோத்து, மேலே நம்பர் போட்ட ஃபைல். பிரித்தார். முதல் தாள், என் நான்கு ஐட்டம். ஃபிரிட்ஜிலிருந்து உரித்த பசை அடையாளம் இருந்தது. இரண்டாவது தாள், டீக்கடை நோட்டு.

“சீல்.”

குத்தினேன். சீல் கோணலாக விழுந்தது. அவர் பேனாவை எடுத்தார். ஓரத்தில், மலையாளத்தில், அழகான ஆபீஸ் கையெழுத்தில் மெதுவாக எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

‘பார்வையிட்டேன். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. மேல் நடவடிக்கை தேவையில்லை. ஃபைல் முடிக்கலாம்.’

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

“எனக்க சர்வீசு முழுக்க எத்தனையோ ஃபைல் பாத்தாச்சு டாக்டரே” என்றார், கயிற்றைக் கட்டிக்கொண்டே. “தப்பு எனக்கதாக்கும்ணு ஒருத்தரும் எழுதித் தந்தது இல்ல. அது கையில கிட்டினா எப்படி இருக்கும்ணு பாக்கணும்ணு ஒரு ஆசை. அவ்வளவுதான்.”

கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவரைச் சீக்கிரமாகப் படுக்கவைத்தேன். இப்போது முறையை மாற்றிவிட்டேன். சீட்டோடு காலிப் பாக்கெட்டையும் கிளிப்பில் மாட்டுகிறேன். எடுக்கும்போது நானும் எண்ணுவேன், நோயாளியும் எண்ண வேண்டும். கதவில் இருந்த போர்டின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘சந்தேகம் இருந்தால் தட்டலாம்.’ இப்போது எல்லோருக்கும் சந்தேகம்.

பிள்ளை சாருக்கு அன்றைக்கும் பத்து ஊசி. பத்தையும் எடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். இரண்டு காலிப் பாக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சரியாக்கும். எனக்கு உங்கமேல முழு நம்பிக்கை உண்டு டாக்டரே. போயிட்டு வாறேன்” என்று படியிறங்கினார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். போனை சீட்டுக்கு அடியில் வைத்தார். ஹெல்மெட்டை எடுத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்...

உச்சந்தலையை ஒரு தடவை நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மாட்டினார்.